சொல்லிக்கொண்டு வரும் வெள்ளம்

டில்லி பழைய இரும்புப் பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 205.33 மீட்டரைத் தாண்டினால் அபாயம். 1978 செப்டம்பரில் அது 207.49 மீட்டர் வரை உயர்ந்தது. 45 ஆண்டுகள் நின்ற அந்த அளவை 2023 ஜூலை 13-ல் 208.66 மீட்டர் முறியடித்தது. 2025 செப்டம்பரிலும் 207 மீட்டரைத் தாண்டி வெள்ளம் வந்தது.

இவ்விரு வெள்ளங்களிலும் மயூர் விஹாரை ஒட்டிய ஆற்றுப்படுகைக் குடும்பங்கள் சாலையோரக் கூடாரங்களில் தங்க நேர்ந்தது. படுகையில் குடியிருப்பது தவறு என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் பயிரிடும் கீரையும் காய்கறியும் நகரத்துக்குத்தானே வருகின்றன?

மழை சொல்லாமல் வரலாம். யமுனை வெள்ளம் அப்படியல்ல. ஹரியானாவில் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறந்துவிடும் நீர் டில்லி வந்து சேர வழக்கமாக ஒன்றரை, இரண்டு நாளாகும். மூட்டை முடிச்சுடன், ஆடு மாடுடன் கரையேற அது போதும், ஏறுகிற இடம் தயாராக இருந்தால்.

ஆகவே ஆண்டுதோறும் ஜூன் மாதத்திலேயே மேட்டில் இடம் குறித்து, குடிநீர், கழிப்பிடம், விளக்கு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். தண்ணீர் வந்தபின் கூடாரத்துக்குக் கழி தேடுவது நிர்வாகமாகாது.