பாஸ்குவா கேட்ட பணம்

1874 செப்டம்பர். கனடாவின் மேற்குச் சமவெளியில் கபெல் ஏரிக்கரை. விக்டோரியா அரசியின் பெயரால் ஒப்பந்தம் பேச வந்திருந்தார் ஆளுநர் அலெக்சாண்டர் மாரிஸ். எதிரே கிரீ, சோல்ட்டோ மக்களின் தலைவர்கள். நாள்கள் நகர்ந்தன, பேச்சு நகரவில்லை. நடுவில் ஏதோ ஒன்று வழிமறித்து நிற்கிறது என்று தலைவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது என்னவென்று பாஸ்குவா என்ற தலைவர் போட்டு உடைத்தார். அங்கிருந்த ஹட்சன் பே கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனத்தின் அதிகாரியைச் சுட்டிக்காட்டி, இந்த நிலத்தை 3 லட்சம் பவுண்டுக்கு விற்றதாக நீங்களே சொன்னீர்களே, அந்தப் பணம் எங்களுக்கு வேண்டும் என்றார்.

பணம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கம்பெனியின் கடைகளெல்லாம் 2025-ல் மூடப்பட்ட பிறகும் அவருடைய கேள்வி அப்படியே இருக்கிறது.

விற்கும் அளவுக்கு அந்த நிலம் கம்பெனியின் கைக்கு வந்தது எப்படி? 1668-ல் லண்டனிலிருந்து ‘நான்சச்’ என்ற சிறு கப்பல் ஹட்சன் விரிகுடாவுக்குப் புறப்பட்டது. வடக்கே உயர்ந்த ரகத் தோல் கிடைக்கிறது, கடல் வழியாகவே கொண்டுவந்துவிடலாம் என்று ராடிசன், குரோசெய்யே என்ற இரு பிரெஞ்சு வணிகர்கள் சொன்ன யோசனை அது. கப்பல் மறு ஆண்டு தோல்களுடன் திரும்பியது. 1670 மே 2 அன்று இரண்டாம் சார்லஸ் மன்னர் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம். வணிகம் செய்யும் உரிமையும் அதற்கு மட்டுமே. கம்பெனியின் முதல் ஆளுநர் மன்னரின் உறவினரான இளவரசர் ரூபர்ட். அவர் பெயரால் அந்த நிலம் ‘ரூபர்ட்ஸ் லேண்ட்’ ஆனது.

அதன் பரப்பு ஏறத்தாழ 39 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய இந்தியாவைவிடப் பெரியது. அது எதுவரை விரிந்திருக்கிறது என்பது கொடுத்த மன்னருக்கும் தெரியாது, வாங்கிய கம்பெனிக்கும் தெரியாது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவும் இல்லை. இந்த நிலத்துக்குக் குத்தகை, அரச குடும்பத்தினர் அங்கே வரும்போதெல்லாம் இரண்டு எல்க் மான், இரண்டு கருநிற பீவர்.

சென்னையில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியை அறிந்த நமக்குச் சாசனமும் ஏகபோகமும் புதிதல்ல. ஹட்சன் பே கம்பெனி மட்டும் நெடுங்காலம் பெரும் படையை வைத்து ஆளவில்லை. அந்தப் பனிக்காட்டில் வேட்டையாடவும் வழிகாட்டவும் படகு ஓட்டவும் உணவு தரவும் அந்த மண்ணின் மக்களே வேண்டியிருந்தார்கள்.

பீவர் என்பது மரங்களைக் கடித்துச் சாய்த்து ஆற்றில் அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு. அதன் அடிமயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் தன்மை உடையது. அழுத்தினால் மழைக்கும் தாங்கும் கெட்டித் துணியாகும். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகள் அதிலிருந்து பிறந்தன. ஐரோப்பாவில் பீவர்கள் அருகிப்போன காலம் அது. பழங்குடிகள் ஒன்றிரண்டு குளிர்காலம் உடுத்திக் கழித்த தோலுக்குத் தனி மதிப்பு இருந்தது. உடம்பில் உரசி உரசி மேல்மயிர் உதிர்ந்து, தோலும் பதமாகியிருக்கும். லண்டன் தொப்பியின் மென்மையில், பெயர் தெரியாத எத்தனையோ பேரின் உடல்சூடு கலந்திருந்தது.

கம்பெனியின் கோட்டைகளில் பணம் புழங்கவில்லை. நல்ல பீவர் தோல் ஒன்றே கணக்கின் அலகு. துப்பாக்கி, கெண்டி, கம்பளி எல்லாவற்றுக்கும் இத்தனை தோல் என்று விலை. கண்ணாடி மணியைக் காட்டி அப்பாவிகளை ஏமாற்றினார்கள் என்று இந்த வணிகத்தை எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது அந்த மக்களைச் சிறுமைப்படுத்தும் கதை. சுமக்க முடியாத கனத்தில் கெண்டி வந்தால் வேண்டாம் என்றார்கள். குளிரில் வெடித்துச் சிதறும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். விலை ஒத்துவராவிட்டால் பிரெஞ்சுக்காரர்களிடம் போனார்கள்.

அவர்களுள் தனடெல்தர் என்ற டெனே பெண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிரீ மக்களிடம் சிறைப்பட்டிருந்தவர், தப்பி, 1714-ல் கம்பெனியின் யார்க் ஃபேக்டரி கோட்டையை அடைந்தார். பகைகொண்டிருந்த இரு இனங்களையும் சேர்த்துவைக்க, ஏறத்தாழ 150 கிரீ மக்களோடு வடக்கே புறப்பட்ட பயணத்தின் உயிர்நாடி அவரே. பசியிலும் பனியிலும் பலர் திரும்பிவிட, தனியே முன்னால் நடந்து தம் மக்களைக் கண்டுபிடித்து அழைத்துவந்து சமாதானம் செய்துவைத்தார். 1717 பிப்ரவரியில் நோயால் இறந்தார். அந்தச் சமாதானத்தால் வடக்கே வணிகம் விரிந்தது. லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது.

பிறகு வந்தவை கொடிய ஆண்டுகள். 1781-82 பெரியம்மை ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போனது. மாண்ட்ரியாலின் நார்த் வெஸ்ட் கம்பெனியுடனான போட்டி ரத்தக்களரியாகி, 1821-ல் இரண்டும் ஒன்றாயின. இணைந்த கம்பெனியை நடத்திய ஜார்ஜ் சிம்ப்சன் செலவைக் கறாராகக் குறைத்தவர் என்று புகழப்படுகிறார். அமெரிக்க வேட்டைக்காரர்கள் நெருங்கக் கூடாது என்பதற்காக ஸ்னேக் ஆற்றுப் பகுதியில் பீவர்களை வேரோடு அழித்து, அதைத் ‘தோல் பாலைவனம்’ ஆக்கும் கொள்கையும் அவர் காலத்ததுதான்.

இதற்குள் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியை ஒதுக்கியது. இனி நிலம்தான் லாபம். 1870-ல் ரூபர்ட்ஸ் லேண்ட் கனடாவுக்குக் கைமாறியது. 3 லட்சம் பவுண்டோடு, செழிப்பான நிலத்தில் இருபதில் ஒரு பங்கையும் கம்பெனி வைத்துக்கொண்டது. ஏறத்தாழ 70 லட்சம் ஏக்கர். தங்களைக் கேட்காமல் தங்கள் ஊரைக் கைமாற்றுவதை எதிர்த்து லூயி ரியல் தலைமையில், பழங்குடிகளும் ஐரோப்பியர்களும் கலந்த வழிவந்த மெட்டீ மக்கள் எழுந்தார்கள். மானிட்டோபா மாகாணம் பிறந்தது அந்தப் போராட்டத்தால். 1885-ல் இன்னொரு எழுச்சிக்குப் பின் ரியலைத் தூக்கிலிட்டார்கள். பாஸ்குவாவின் கேள்வியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நிலத்தை விற்ற கம்பெனி கடை வைத்தது. நான்கு பட்டை போட்ட அதன் கம்பளி கனடாவின் அடையாளமாகவே ஆனது. கடன் முற்றி 2025 மார்ச்சில் நீதிமன்றத்தை நாடியது. ஜூன் 1 அன்று கடைசிக் கடைகளும் மூடின. 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். கம்பெனியிடம் இருந்த கலைப்பொருள்களும் விலைக்கு வந்தன. மானிட்டோபா பழங்குடித் தலைவர்கள் பேரவை, தங்கள் மக்களுடையவை அதில் இருக்கலாம், நிறுத்துங்கள் என்றது. 1670 சாசனத்தை இரு பெரும் செல்வக் குடும்பங்கள் 1.8 கோடி கனடா டாலருக்கு வாங்கிப் பொது நிறுவனங்களுக்கு அளிக்க முன்வந்தன.

சாசனம் தனியார் அலமாரிக்குள் போகாமல் பொதுவில் நிற்பது நல்லது. ஆனால் விற்ற பணம் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகிறது. யாருடைய நிலத்தை எழுதிக்கொடுத்த தாளோ, அவர்களோடு கலந்தாலோசிப்பது மட்டும் போதாது. அது எங்கே இருக்க வேண்டும், எந்த விளக்கத்தோடு மக்களுக்குக் காட்டப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையே அவர்களுக்கு வேண்டும். கம்பெனி நிலத்தை விற்று வாங்கிய தொகையைப் பற்றிய பேச்சும் கனடாவின் பாடப்புத்தகத்துக்குள் வர வேண்டும்.

பாஸ்குவாவும் ஓர் ஆவணம் விட்டுப்போயிருக்கிறார். ஒப்பந்தப் பேச்சையும், தருவதாகச் சொன்னவற்றையும் தந்தவற்றையும் படங்களாக வரைந்துவைத்தார். அந்தத் தாள் எப்படியோ இங்கிலாந்து போய்விட்டது. அவர் பெயரைத் தாங்கிய பழங்குடிச் சமூகம் விலை கொடுத்து அதை மீட்டு, 2007-ல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்குக் கொண்டுவந்தது.