வழி தெரிந்த பாதைக்கு வழிகாட்டி எதற்கு?

ஐரோப்பாவில் வழிகாட்டியோடு செல்லும் சைக்கிள் சுற்றுலாக்களில் பெயர்பெற்றது, ஜேர்மனியின் பஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டானியூப் நதியோரம் செல்லும் பயணம். 300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய ஒரு வாரம். அந்தக் காலத்தில் குதிரைகள் படகுகளைக் கட்டி இழுத்த கரைவழிதான் பல இடங்களில் இன்று சைக்கிள் பாதை. பெரும்பாலும் சமதரை. பயணப்பைகளை வேன் அடுத்த விடுதியில் சேர்த்துவிடும். வழியெங்கும் பெயர்ப்பலகைகள்.

அப்படியானால் வழிகாட்டி எதற்கு?

மௌட்ஹவுசனுக்காகத்தான் என்கிறோம் நாம்.

அதே பாதையோரத்து ஊர் அது. ஊருக்கு மேலே மேட்டில் இருக்கிறது நாஸிகளின் வதைமுகாம். 1938 முதல் 1945 மே வரை சுமார் 190,000 பேர் அந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் மாண்டார்கள். கைதிகள் கருங்கல் சுமந்து ஏறிய 186 படிகள் இன்றும் இருக்கின்றன.

கீழே பாதை சமமாகப் போகிறது. மேலே ஏற மூச்சு வாங்கும். கடந்து போவது மிகச் சுலபம். "விடுமுறையில் எதற்கு இந்தத் துயரம்?" என்று கேட்பவர்களும் உண்டு. அன்றும் அந்த மேட்டின் கீழே அன்றாட வாழ்க்கை நடந்துகொண்டுதானே இருந்தது?

மெல்க் மடாலயத்தையும் வாஹாவ் திராட்சைத் தோட்டங்களையும் காட்ட ஒரு வரைபடம் போதும். சைக்கிளை நிறுத்தி, "வாருங்கள், மேலே ஏறுவோம்" என்று சொல்லத்தான் ஒரு மனிதர் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதல்ல. பிள்ளைகள் புரட்டிவிட்டுப் போக நினைக்கும் பக்கத்தில்தான் நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.