ஓட்டுநர் மீது மட்டும் பழி போடலாமா?

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மோதி ஒருவர் காயமடைந்தால், 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி விசாரணையை முடிப்பது எளிது. மறுநாள் வேறோர் ஓட்டுநர் அதே வண்டியில், அதே வளைவில், அதே அவசரத்தில் திரும்புவார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கிடங்குகள் பெருகிவிட்ட இந்நாளில், விபத்தை ஓட்டுநரோடு நிறுத்திப் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும்.

இரண்டரை டன் சுமை தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரை டன்னுக்கு மேல். முன்னால் ஏறும் சுமைக்கு ஈடாகப் பின்புறம் எடை கூட்டப்பட்டிருக்கும். பின்சக்கரங்களால் திரும்புவதால், வலப்புறம் வளைத்தால் வால்பகுதி இடப்புறம் வீசும். அருகில் நிற்பவர் ரேக்குக்கும் வண்டிக்கும் இடையே நசுங்குவது இப்படித்தான். சுமையை உயர்த்தியபடி வேகமாகத் திரும்பினால் வண்டியே சாய்ந்துவிடும். அப்போது குதிக்க முயலும் ஓட்டுநர் அதன் அடியிலேயே சிக்குவார். சீட் பெல்ட் போட்டு இருக்கையோடு இருந்தால்தான் பிழைக்க வழியுண்டு.

மணிக்கு 10 கி.மீ. என்பது குறைந்த வேகமாகத் தோன்றும். பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி தாமதித்தாலும் வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஓடியிருக்கும். ரேக்கின் கீழ்த்தட்டில் குனிந்து, ஸ்கேனரில் கண் பதித்திருப்பவருக்கு விலக அவகாசம் இல்லை. ஓட்டுநரின் பார்வையை அட்டைப்பெட்டி அடுக்கு மறைக்கிறது. வாசலில் லாரி காத்திருக்கிறது. மணிக்கு இத்தனை பாலெட் என்ற இலக்கு விரட்டுகிறது. இவற்றில் எதை ஓட்டுநர் தீர்மானித்தார்?

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, ஓட்டுநரின் திறனை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மதிப்பிட வேண்டும். விபத்து நேர்ந்தால் மட்டுமல்ல, மயிரிழையில் தப்பினாலும் மறுபயிற்சி கட்டாயம்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு அது பொருந்துவதால், உற்பத்தி நடக்காத கிடங்குகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. மாநில விதிகளில் மூன்று கடமைகள் தெளிவாக இடம்பெற வேண்டும். நடப்போர் பாதையை மஞ்சள் கோட்டால் அல்லாமல் இரும்புத் தடுப்பால் பிரிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி உள்பட வண்டியைத் தொடும் எவருக்கும் அவர் வேலை செய்யும் கிடங்கிலேயே பயிற்சி தர வேண்டும். தப்பிய நிகழ்வுகளும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவற்றைச் சொல்பவர் மீது நடவடிக்கை கூடாது.

முதல் விபத்தில் ஓட்டுநரின் பிழையும் இருக்கலாம். அதே மூலையில் இரண்டாவது விபத்து நடந்தால், பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம்.