ஐந்து வகுப்பும் இரண்டு அறையும்

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை எந்த உருவத்தில் போடவேண்டும் என்பதைப் பற்றி நாடு முழுவதும் ஒரு வாக்குவாதம் எழக்கூடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அது எழுந்தது. மலையாளத்தில் வெளிவந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்னும் திரைப்படத்தில், கடைசிப் பெஞ்சு என்ற ஒன்றே இல்லாதபடி பிள்ளைகளைச் சுவரோரமாகச் சுற்றி உட்காரவைக்கும் யோசனை ஒன்று வருகிறது. அதைக் கண்டு கேரளத்துப் பள்ளிகள் சில அவ்விதமே செய்ய, நம்முடைய பள்ளிக் கல்வித் துறையும் இருக்கைகளைப் 'ப' வடிவில் அமைக்கும்படி சுற்றறிக்கை அனுப்பியது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்றும், பலகை நேராகத் தெரியாது என்றும் பல திசைகளிலிருந்து ஆட்சேபணைகள் கிளம்பவே, சில தினங்களுக்குள் அந்த ஏற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த விவாதத்தை நான் சிரத்தையுடன் படித்துவந்தேன். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பரிபூரண ஒற்றுமையுடன் இருந்ததாக எனக்குப் பட்டது: அறை என்றால் அதில் ஒரு வகுப்பு, வகுப்பு என்றால் அதற்கு ஓர் ஆசிரியர், ஆசிரியர் என்றால் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை என்பதை இருதரத்தாருமே கேள்வியின்றி ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ வேறு கதை சொல்லுகிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரையில் மூவர். ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையேனும் இருக்கவேண்டும். பிள்ளைகள் நாற்பது பேராக இருந்தாலும் வகுப்புகள் ஐந்துதானே? ஐந்தை இரண்டால் வகுத்தால் மீதி வரும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மீதியைச் சுமப்பவர்கள் நம் கிராமங்களின் ஈராசிரியர் பள்ளிகளில் வேலை செய்யும் உபாத்தியாயினிகள்.

அத்தகையவர் ஒருவர் ஆலந்தலையில் வசிக்கிறார். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டியிருக்கும் இவ்வூர், முத்துக்குளித்துறையின் ஏழு பட்டினங்களில் ஒன்று என்ற பழம்பெருமை உடையது. 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்து, அவற்றைத் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கும்படி ஏவினார் என்று அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம். ஆகவே எல்லா வயதினரையும் ஒரே கூட்டமாக உட்காரவைத்துக் கற்பிப்பதும், கற்றவனையே கற்பிப்பவனாக அனுப்புவதும் இந்தக் கடற்கரைக்குப் புதியவை அல்ல. நம் டீச்சரம்மாள் ஆலந்தலையிலிருந்து பஸ் ஏறிப் போய், கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில், முதல் மூன்று வகுப்புகளையும் ஓர் அறையில் வைத்து நடத்துகிறார். தலைமையாசிரியையின் பங்குக்கு நான்கும் ஐந்தும் அடுத்த அறையில். ஊரின் பெயர் வேண்டாம். அறையைச் சொன்னால் போதும்.

நீளவாட்டமான அறை. கிழக்கே கடலைப் பார்த்த வாசல். மேற்கே இரண்டு ஜன்னல்கள். காலையில் கிழக்கு வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே விழும். ஆனி ஆடியில் கச்சான் காற்று தேரிமணலையும் வாரிக்கொண்டு மேற்கு ஜன்னல்களால் புகுந்து, தரையில் பரப்பிய அட்டைகளையெல்லாம் வாசலை நோக்கிப் பறக்கவிடும். வடக்குச் சுவரின் நடுவில் பெரிய கரும்பலகை. பிள்ளைகளை அதன் எதிரே வரிசையாக உட்காரவைத்து, இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்துவிடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் ஏற்பாடு. அப்படித்தான் ஆரம்பத்தில் இருந்ததாம். அதில் நேர்ந்தது என்னவென்றால், ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக்காட்டும்போது மூன்றாம் வகுப்பும் அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லும்போது ஒன்றாம் வகுப்பு எழுந்து வாசலுக்குப் போயிற்று. வரிசை என்பது ஒரே குரலை எல்லாரும் கேட்பதற்காக ஏற்பட்டது. மூன்று வகுப்புள்ள அறையில் ஒரு குரலை மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் மட்டும் கேட்டு, மற்றவர்கள் கேளாமல் இருப்பதல்லவா தேவை?

"அண்ணாச்சி, நான் நிக்கிற இடம்தான் முன்பக்கம்னு வெச்சா, மத்த ரெண்டு வகுப்பும் எனக்கு முதுகுப்பக்கமா ஆயிரும்லா?" என்று அவர் என்னிடம் கேட்டார். கல்வி சாஸ்திரத்தில் பெரிய பட்டம் பெற்றவர்களிடம்கூட இவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

இப்போது அந்த அறைக்கு முன்பக்கமே கிடையாது. தாமாகவே எழுதிப் பழகும் பிள்ளைகள் தெற்குச் சுவரைப் பார்த்து, சுவரின் அடியில் தீட்டியிருக்கும் தாழ்வான கரும்பலகையில் ஆளுக்கொரு கட்டத்தில் எழுதுகிறார்கள். ஆசிரியை அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த எழுத்துகள் அவருடைய கண்ணுக்கு எதிரே நிற்கின்றன, பிள்ளைகளோ அவரைப் பார்ப்பதில்லை. அவருடைய துணையின்றி ஓர் அடியும் நகராத பிள்ளைகளுக்கு வடக்குச் சுவரோரம் ஒரு பாய்; அவரும் அதே பாயில் அவர்களோடு உட்காருகிறார், முகத்தைத் தெற்கே வைத்துக்கொண்டு. இரண்டுக்கும் நடுவில், சத்தமில்லாமல் அட்டைகளை வைத்து வார்த்தை சேர்க்கும் கூட்டம்; உரக்கப் படிக்கிறவர்களை ஓசையில்லாமல் எழுதுகிறவர்களிடமிருந்து பிரிக்கும் மதில் அதுதான். அட்டைகள் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு அடுக்கின்மேலும் ஒரு கனமான சங்கு. பைகளெல்லாம் பிள்ளைகளின் தோளுயரத்தில் அடித்த ஆணிகளில் தொங்குகின்றன. முன்பு அவை தரையில் கிடந்து, ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு அவர் போவதற்குள் நாலு பிள்ளைகளைத் தாண்டவேண்டியிருந்ததாம். வள்ளத்தில் வலையை அடுக்கும்போது, கடலில் முதலில் இறங்கவேண்டிய தலைப்பை மேலே வைத்தல்லவா அடுக்குகிறார்கள்? அவரும் அவ்விதமே, பத்து மணிக்கு எது கைக்கு வரவேண்டும், பதினோரு மணிக்கு எது என்று கணக்கிட்டு, அட்டைத் தட்டுகளை அலமாரியில் மேலிருந்து கீழாக வைத்திருக்கிறார்.

வகுப்பு வாரியாகவும் அவர் பிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் கழித்தலில் தடுமாறுகிற பையன் ஒருவன், கீழ்ப்பலகையில் 52-லிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதினான். பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்த சிறுமி, அவனுக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிறவள், திரும்பாமலேயே கேட்டாள்: "ஏல, கடன் வாங்குனியா?"

"வாங்குனேன்."

"அப்ப பக்கத்து வீட்டுல ஒண்ணு கொறையணும்லா?"

பையன் உள்ளங்கையால் நாலை அழித்து மூன்றாக்கினான். ஆசிரியை அதைப் பார்த்தார், எழுந்து வரவில்லை. பெஞ்சில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் அவனுடைய கணக்கைக் கண்டிருக்கவே மாட்டாள். இருவரையும் சுவரைப் பார்க்க அருகருகே உட்காரவைத்ததுதான் அந்தப் பாடத்தை நடத்தியது.

சுவரைப் பார்த்து எழுதும் இந்த முறைக்கு நம் ராஜதானியில் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பாடசாலையின் மேற்பார்வையை ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம்மவர்களின் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டு அதையே தம் பாடசாலையிலும் செய்யச் சொன்னபோது, உதவி உபாத்தியாயர்கள் இணங்கவில்லை; எனவே அவர் ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனையே கீழ்வகுப்புக்கு வாத்தியாராக்கினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட பிரசுரத்தால் இது 'மதராஸ் முறை' என்று பிரசித்தி பெற்று, 1811-இல் தொடங்கிய நேஷனல் சொஸைட்டியின் பள்ளிகளில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. அங்கே எழுதும் பலகைகளைச் சுவரைச் சுற்றிச் சுவரைப் பார்க்கவே போட்டார்கள். நடுத்தளம் காலியாக இருக்கும். பிள்ளைகள் அங்கே சதுரஞ் சதுரமாக நின்று சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பிப்பார்கள். பெல்லுக்குப் போட்டியாக விளங்கிய ஜோசப் லங்காஸ்டரோ நடுத்தளத்தை நீண்ட பெஞ்சு வரிசைகளால் நிரப்பி, எல்லாரையும் மேடையை நோக்கி உட்காரவைத்தார். நம் கட்டடங்களில் இன்று காணப்படுவது லங்காஸ்டரின் ஜாடை. பெல் இங்கிருந்து கொண்டுபோனது இங்கே திரும்பி வரவில்லை. இப்படிச் சொல்வதால் பழைய திண்ணைப் பள்ளியை நான் துதிபாடுவதாக எண்ணவேண்டாம். சட்டாம்பிள்ளையின் பிரம்பும், பெண்களும் தாழ்த்தப்பட்டவர்களும் ஏறமுடியாத அந்தத் திண்ணையின் உயரமும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பெல்லின் முறைக்கும் சிக்கனமே மூலமந்திரம்.

1939-இல் அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, சில ஆண்டுகளைக் கோடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளோடு கழித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் அறைகளுக்கு நடுவே முழுச் சுவர் வேண்டாம், இடுப்பளவு தடுப்புப் போதும் என்றே கருதினார். 1949-இல் அடையாற்றில் முதன்முதலாக அச்சான அவருடைய நூலில் அதைக் காணலாம். சிறியவன் பெரியவனுடைய வேலையை எட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

நம் அரசாங்கமும் ஒரு காலத்தில் இதை நன்றாக அறிந்திருந்தது. ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் நடந்த முயற்சியைப் பார்த்துவிட்டு, எம். பி. விஜயகுமார் என்ற அதிகாரி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் சென்றது. பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணைகளும் அட்டைகளும் மட்டுமல்ல அதன் சாரம். அறையையே அது மாற்றியது. நாற்காலி வெளியேறியது, ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார், முதல் நான்கு வகுப்புகளும் கலந்து, ஆசிரியர் துணையோடு கற்போர், தோழர் துணையோடு கற்போர், தாமே கற்போர் முதலிய ஆறு குழுக்களாயின, சுவரின் அடிப்பாகம் முழுவதும் பிள்ளைகளுக்குரிய கரும்பலகையாயிற்று, தலைக்குமேல் கட்டிய கம்பிகளில் அவர்களுடைய சித்திரங்கள் தொங்கின. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைத்தான் பார்க்கிறது, வகுப்பை அல்ல. இவ்வளவும் அறிந்த இலாகாவா எல்லா அறைக்கும் ஒரே எழுத்து என்று ஒரு காகிதத்தை அனுப்பியது என்று எனக்கு வியப்பாக இருந்தது. 'ப'வின் இரண்டு கைகளில் இரண்டு வகுப்புகளை உட்காரவைத்தால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, வேலையைப் பாரா.

ஆனால் சென்னையிலிருந்து வந்த நல்ல யோசனைக்கும் இக்கரையில் ஒரு சத்துரு இருக்கிறது, அது உப்பு. நிலத்தின் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறி, இரண்டு மூன்று அடி உயரத்தில் உலர்ந்து, பூச்சைப் பொரிந்து உதிரச் செய்கிறது. பிள்ளைகளின் பலகை தீட்டப்பட்டிருப்பதும் சரியாக அந்த உயரத்தில்தான்! பெரிய பலகை, மேலே இருப்பதால், கோவையிலையும் கரியும் அரைத்துப் பூசிய காலத்திலிருந்து சேதமில்லாமல் நிற்கிறது; தாழ்ந்த பலகையோ வர்ணம் பூசிச் சில மழைக்காலம் போவதற்குள் பாளம் பாளமாக விழுகிறது. சுவரில் பூசுவதை விட்டுவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய மரப்பலகைகளாகக் கொடுத்தால் என்ன என்று டீச்சர் கேட்கிறார். வருஷந்தோறும் பள்ளிக்கு வரும் மானியத்தில் வெள்ளையடிப்பதற்கு இடம் உண்டு, தச்சனுக்கு இடம் தேடவேண்டியிருக்கிறது. கம்பிகளும் துருப்பிடித்து அறுந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரு பையனின் தகப்பனார் கொண்டுவந்து கட்டிய, மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு, இந்தக் காற்றில் இன்றுவரை அறாமல் இருக்கிறது.

இனி அவருக்கு மிஞ்சியிருக்கும் வழக்கு, வடமேற்கு மூலையில் நிற்கும் இரும்பு பீரோவோடுதான். வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்யாமல் விழுகிற ஒரே இடம் அது. படிப்பதற்கென்று ஒரு மூலை அமைத்தால் அங்கேதான் அமைக்கவேண்டும். பீரோவுக்குள்ளே பழைய வருகைப் பதிவேடுகளும், செல்லரித்த ஏணிப்படி அட்டவணைகளும், கையிருப்புப் புத்தகத்தில் பதிவாகியிருப்பதால் எறியவும் முடியாத உடைந்த தராசு ஒன்றும் இருக்கின்றன. வராந்தாவுக்குத் தள்ளிவிடலாம் என்பது இவருடைய கட்சி. வராந்தாவில் பூட்டு நிற்காது, தணிக்கையில் கேட்பார்கள் என்பது தலைமையாசிரியையின் கட்சி. அரசாங்கச் சாமான் என்றால் என்னவென்று அநுபவத்தில் அறிந்தவனாதலால், நான் தலைமையாசிரியையின் அச்சத்தைப் பரிகாசம் செய்யமாட்டேன். ஆயினும் வோட்டுப் போடச் சொன்னால், டீச்சரின் பக்கமே போடுவேன். தராசைத் தலைமையாசிரியையின் அறையில் வைத்துக்கொள்ளட்டும்.