நிரலோடு வெளியே போன சாவி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை இணைய விற்பனைக்குச் செயலி கேட்கிறது. கிள்ளானில் கணினித் துறையில் டிப்ளோமா படிக்கும் மாணவர் பகுதிநேரமாக அதைச் செய்து தருகிறார். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று இப்படி நடப்பது புதிதல்ல. நான் கேட்க விரும்புவது இதைத்தான்: அந்தச் செயலியின் நிரல் யார் கணக்கில் இருக்கிறது? அதைத் திறக்க யார் யாருக்கு அனுமதி இருக்கிறது?

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் டொயோட்டாவுக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். கார் ஓட்டுநர்களுக்கான அதன் 'டி-கனெக்ட்' சேவையின் இணையத்தளப் பணி வெளியாரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 2017 டிசம்பரில் குத்தகையாளர் தரப்பு மூலநிரலின் ஒரு பகுதியைக் கிட்ஹப் தளத்தில் தவறுதலாகப் பதிவேற்றியது. அந்தக் களஞ்சியத்தை எவரும் பார்க்க முடிந்தது. நிரலுக்குள் தரவு சேவையகத்தின் அணுகல் சாவியும் இருந்தது. 2022 செப்டம்பர் 15 வரை அது அப்படியே கிடந்தது. 296,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் வாடிக்கையாளர் எண்களும் கசிந்திருக்கலாம் என அந்நிறுவனம் அக்டோபரில் அறிவித்து மன்னிப்புக் கேட்டது.

இங்கே யாரும் பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை. சாவியை நிரலுக்குள் எழுதியது முதல் தவறு. அந்த நிரல் எங்கே போகிறது என்று ஏறக்குறைய 5 ஆண்டுகள் கவனிக்காமல் விட்டது இரண்டாவது தவறு. முதல் தவறு குத்தகையாளருடையது என்றாலும், இரண்டாவதில் வேலை கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இதற்கு வழி கடினமானதல்ல. களஞ்சியம் வேலை கொடுப்பவரின் கணக்கில் இருக்க வேண்டும். குத்தகையாளருக்கு அவர் வேலைக்குத் தேவையான பகுதியை மட்டும் திறந்துவிட வேண்டும். படிக்கும் அனுமதி, எழுதும் அனுமதி, நிர்வகிக்கும் அனுமதி மூன்றும் வேறு வேறு. கடவுச்சொற்களையும் சாவிகளையும் நிரலுக்கு வெளியே தனியாக வைக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே அனுமதியை நீக்கி, சாவிகளையும் மாற்ற வேண்டும்.

சாவியை ஏன் மாற்ற வேண்டும், அந்த வரியை அழித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. கிட் முறை பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கிறது. இன்று அழித்த வரியை நேற்றைய பதிப்பில் படிக்கலாம். ஏற்கெனவே நகலெடுத்தவரின் கணினியிலும் அது இருக்கும்.

மலேசியச் சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் திருத்தம் செய்யப்பட்டது. பிறருக்காகத் தரவைக் கையாள்பவருக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக வந்துவிட்டது. உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தரவுக் கசிவை அறிவிக்க வேண்டிய கட்டாயம் 2025 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது.

மாணவர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாமே என்று, பிறருக்குச் செய்த வேலையைச் சிலர் கிட்ஹப்பில் பொதுவில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் சொந்தமாக ஒரு சிறு செயலி செய்து காட்டுங்கள். இன்றே உங்கள் கணக்கைத் திறந்து, எந்தக் களஞ்சியங்கள் பொதுவில் இருக்கின்றன, அவற்றுள் சாவி ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.