கடைத்தேங்காய் வள்ளல்கள்

பிரித்தானிய உணவகங்களில் டிப்ஸை எப்படிப் பிரிப்பது என்பதை முதலாளியிடமே விட்டுவிட வேண்டுமாம். 2023ஆம் ஆண்டு டிப்ஸ் பங்கீட்டுச் சட்டம் அவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டதாம். இப்படிப் புலம்பும் ஒரு கட்டுரையாளருக்குச் சமையலறை மீது திடீர்ப் பாசம் வேறு. உள்ளே வியர்வை வழியக் கோப்பை கழுவுகிறவருக்குப் பங்கு வேண்டாமா என்று உருகுகிறார். வேண்டும், தாராளமாக. அதை முதலாளி தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதை யார் தடுத்தார்கள்?

கை கட்டப்படாத காலத்தில் முதலாளிகள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கிலேயே வரவு வைத்தார்கள். 2009இல் அரசு தடுத்த பிறகே நிறுத்தினார்கள். பீட்சா எக்ஸ்பிரஸ் உணவக நிறுவனம், கார்டில் வந்த டிப்ஸில் 8 சதவீதத்தை நிர்வாகச் செலவு என்று பிடித்துக்கொண்டிருந்தது. 2015இல் செய்தி வெளியாகி ஊர் சிரித்ததும் கைவிட்டது. தவிர்க்கவே முடியாத செலவு, பத்திரிகையில் வந்ததும் எப்படித் தவிர்க்க முடிந்ததோ! சாப்பாட்டுக்கான பணமும் அதே கார்டு இயந்திரத்தில்தானே வருகிறது? அதற்கான கட்டணத்தை யாரிடம் பிடித்தார்கள்?

கட்டுரையாளரின் சமையலறைப் பாசத்துக்கு முன்னோடியும் உண்டு. 2018இல் டிஜிஐ ஃப்ரைடேஸ் உணவக நிறுவனம், கார்டு டிப்ஸில் 40 சதவீதத்தைப் பரிமாறுகிறவர்களிடமிருந்து எடுத்துச் சமையலறைக்குத் திருப்பியது. சமையல்காரர்களுக்குத் தர வேண்டிய சம்பள உயர்வை எங்கள் பணத்தில் சரிக்கட்டுகிறீர்கள் என்று யுனைட் தொழிற்சங்கத்தினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற புண்ணியவான்களுக்கு இந்தக் கோபம் புரியாது. டிப்ஸை நம்பி வாடகை கட்டுகிறவருக்குப் புரியும்.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமோ சமையலறைக்குப் பங்கு தருவதைத் தடுக்கவே இல்லை. வரி போக எதையும் பிடிக்காதே, நியாயமாகப் பிரி, எப்படிப் பிரிக்கிறாய் என்று எழுதி வை, மூன்று வருடக் கணக்கைப் பத்திரப்படுத்து, தொழிலாளி கேட்டால் காட்டு என்கிறது. இதுவா கைவிலங்கு? கணக்குக் காட்டச் சொன்னால் கை வலிக்கிறது என்றால், அது வேறு வியாதி.

சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. பங்கீட்டை மாற்றுவதற்கு முன் தொழிலாளர்களைக் கலந்து பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், 2023இல் நிறைவேறியபோது அதில் இல்லை. பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரையாளருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.