மூன்று நகல் இருந்தால் காணுமோ?

‘ரெப்ளிக்காஸ்: 3’. குபெர்னெற்றிஸ் பழகத் தொடங்குகிற எல்லாரும் முதல் கிழமையிலேயே எழுதுகிற வரி இது. எழுதினவுடனே மனதுக்கு ஒரு நிம்மதி. ஒன்று விழுந்தாலும் இரண்டு நிற்கும், விழுந்தது தானா எழும்பும், இனி ஒரு பயமும் இல்லை எண்டு. அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது எண்டுதான் நாங்கள் சொல்ல வாறம். கருவி யாரையும் ஏமாத்தேல்லை. அதை விக்கிறவையும் படிப்பிக்கிறவையும்தான் அது செய்யாததையெல்லாம் அதின்ர தலையில ஏத்திக் கதைக்கினம்.

“கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இதில என்ன அலுவல்?” எண்டு கேக்கிறவை இருக்கினம். ‘தன்னைத்தானே குணப்படுத்தும் அமைப்பு’ எண்டு ஒரு சொல்லைச் சந்தையில விட்டால், அந்தச் சொல் எதைக் காட்டுது, எதை மறைக்குது எண்டு பார்க்கிறதுதான் எங்கட பாடம். அதனால எங்களுக்கும் அலுவல் இருக்கு.

முதல், அது உண்மையில் என்ன செய்யுது எண்டு பார்ப்பம். ஒரு செயலியையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் ஒரே பொதியாகக் கட்டினால் அது கொன்ரெய்னர். பல சேர்வர்களை ஒன்றாகப் பூட்டினால் கிளஸ்ரர். அந்தக் கிளஸ்ரரில் கொன்ரெய்னர்களை மேய்ப்பதற்குக் கூகுள் 2014இல் வெளியிட்டதுதான் குபெர்னெற்றிஸ். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குச் சுக்கான் பிடிக்கிறவர் எண்டு அர்த்தம். கொன்ரெய்னர்கள் அதில் ‘பொட்’ என்ற அலகுகளுக்குள் ஓடும். எத்தனை பொட் வேணும் எண்டு நாங்கள் எழுதி வைப்பம். ரெப்ளிக்காசெற் என்ற பகுதி திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும். மூன்று கேட்டு இரண்டு இருந்தால் ஒன்றை உண்டாக்கும். நாலு இருந்தால் ஒன்றை அழிக்கும். அதுக்கு மேல இருக்கிற டிப்ளோய்மன்ற், புதுப் பதிப்பு வரும்போது பழைய பொட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். நல்ல யோசனை, நல்ல வேலைப்பாடு. அதில எங்களுக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்க எண்டால், அது எண்ணுறது பொட்டுகளை மட்டும்தான். செயலி ஒழுங்காகப் பதில் சொல்லுதா எண்டு சோதிக்கிற வழியை நாங்கள் எழுதிக் குடுக்காட்டில், அதுக்குத் தெரிய வழியே இல்லை. வாற எல்லாருக்கும் பிழைப் பக்கத்தையே காட்டிக்கொண்டு மூன்று பொட்டும் நிற்கலாம். கணக்கு சரி, திரை முழுக்கப் பச்சை. குறியீட்டில் ஒரு பிழை இருந்தால் மூன்று நகலிலும் அதே பிழைதான் இருக்கும். விழுந்து விழுந்து எழும்புகிற கொன்ரெய்னரை அது 10 செக்கன் பொறுத்து, பிறகு 20, பிறகு 40 எண்டு கூட்டிக்கொண்டு போய், கடைசியில் 5 நிமிடத்துக்கு ஒருக்காத் திரும்பத் தொடக்கும். காய்ச்சல்காரனைத் தட்டி எழுப்பி நடக்கச் சொல்லுறதுக்குக் ‘குணப்படுத்தல்’ எண்டு பேர் வைக்கலாமோ?

அடுத்தது, அந்த மூன்றும் எங்க இருக்கு? கிளஸ்ரரில் ஒரே ஒரு சேர்வர்தான் எண்டால் மூன்றும் அதுக்குள்ளதான். சேர்வர் போனால் மூன்றும் போகும். பல சேர்வர் இருந்தாலும், நாங்கள் கட்டாயமாக எழுதாத வரைக்கும், பிரித்து வைக்க அது முயற்சி மட்டும்தான் செய்யும். ஒரு சேர்வர் பேச்சு மூச்சில்லாமல் போனால், அதிலிருந்த பொட்டுகளுக்குப் பதில் புதியவை வர, நாங்கள் மாற்றி எழுதாவிட்டால் 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். இதெல்லாம் இரகசியம் இல்லை, அதன் கையேட்டிலேயே இருக்கு. அந்தப் பக்கங்களுக்குப் போக முதலே கனபேருக்குப் பாடம் முடிஞ்சிடுது.

கூட்டம் கூடினால் நகலைக் கூட்டினால் சரி எண்டு இன்னொரு நம்பிக்கை. இருபது நகல், ஒவ்வொன்றும் டேற்றாபேஸுக்குப் பத்துத் தொடர்பு திறக்குது எண்டு வைப்பம். மொத்தம் 200. போஸ்ற்கிரஸ் டேற்றாபேஸ், மாற்றாமல் விட்டால், ஏற்கிறது 100தான். மிச்சம் வாசலிலேயே திரும்பும். கொத்துரொட்டிக் கடையில் காசு வாங்குகிற மேசையை மூன்றாக்கலாம். கொத்துகிற கல்லு ஒன்றுதான் எண்டால், சனம் மூன்று வரிசையில நிண்டு காயும்.

இது சின்ன ஆக்களின்ர பிரச்சினை எண்டு நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 14 அன்று றெடிற் தளம் 314 நிமிடம் படுத்துக் கிடந்தது. காரணத்தை அவர்களே பிறகு விரிவாக எழுதினார்கள். ஒரு கிளஸ்ரரை 1.23 பதிப்பிலிருந்து 1.24க்கு உயர்த்தினார்கள். அந்தப் பதிப்பில், கட்டுப்பாட்டுச் சேர்வர்களுக்கு முன்பு இட்டிருந்த ‘மாஸ்ரர்’ என்ற அடையாளச் சொல் நீக்கப்பட்டிருந்தது. கிளஸ்ரரின் வலையமைப்பு அந்தச் சொல்லைத் தேடித்தான் தன் வழிகாட்டிகளைக் கண்டுபிடித்தது. சொல் இல்லை, வழியும் இல்லை. எத்தனை நகல் இருந்தும் அந்த நேரம் உதவேல்லை. கடைசியில் பொறியியலாளர்கள் குந்தியிருந்து பழைய சேமிப்பிலிருந்துதான் கிளஸ்ரரை மீட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கட கோபம். ‘தானாக’ எண்டு சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர்கள் படத்திலிருந்து அழிபடுகிறார்கள். இந்தத் துறையில் ஒரு உவமை உண்டு: சேர்வர்களை வீட்டில் பேர் வைத்து வளர்க்கிற பிராணிகளாக நடத்தாதே, இலக்கம் குத்திய மாடுகளாக நடத்து, ஒன்று படுத்தால் கொன்றுவிட்டு வேறொன்று வாங்கு. மைக்ரோசொப்ற்றில் இருந்த பில் பேக்கர் சொன்னதை ரண்டி பயஸ் எண்டவர் பரப்பினார். எங்கட ஊர்களில் மாட்டுக்கும் பேர் இருக்கு, படுத்தால் இரவிரவா முழிச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம். எந்தத் தொழுவத்திலும் மாடு தானாக மாறாது. எந்தக் கிளஸ்ரரிலும் இரவு இரண்டு மணிக்குப் போன் அடிக்கிறது ஒரு ஆளுக்குத்தான். படிப்பு முடிச்சு இந்த வேலைக்குப் போகப்போற எங்கட வயதுப் பெடியன் பெட்டையளில் ஒருவராக அது இருக்கலாம். அந்த முழிப்பும் வேலை நேரம்தான் எண்டு கேட்க வேணும் எண்டால், முதல் அது இருக்கு எண்டு ஒத்துக்கொள்ள வேணும்.

ஆகவே படிப்பிக்கிறவையிடம் நாங்கள் கேக்கிறது இதுதான். எண்ணிக்கையை எழுதப் பழக்க முதல் நாலு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கோ. செயலி வேலை செய்யுது எண்டு எதை வைச்சுத் தெரியும்? நகல்கள் எந்தெந்தச் சேர்வரில் இருக்கு? தரவு எங்க இருக்கு, அதுக்கு நகல் இருக்கா? எல்லாம் விழுந்தால் யார் எழும்ப வேணும், அவருக்கு யார் மாற்று?

இதுகளுக்குப் பதில் இருந்தால் மூன்றென்ன, முப்பது நகலும் வைக்கலாம். சின்னதொரு சஞ்சிகைத் தளத்துக்கோ ஊர் நூலகப் பட்டியலுக்கோ பெரும்பாலும் ஒரு சேர்வரும், ஒருக்காவது மீட்டுப் பார்த்த சேமிப்பும் காணும். அதைச் சொல்ல வெக்கப்படத் தேவையில்லை.